டீலக்ஸ் என்று விற்கப்படும் வின்செஸ்டர் 1886: எது ஆலையில் செய்தது, எது பிறகு சேர்த்தது?

கேள்வி: டாலஸில் வசிக்கிறேன். ஒரு வியாபாரியிடம் வின்செஸ்டர் மாடல் 1886 லீவர்-ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று விலைக்கு இருக்கிறது. .45-70 தோட்டா. சீரியல் எண் அறுபதாயிரத்துச் சொச்சம், 1891-இல் செய்தது என்கிறார். எட்டுப்பட்டைக் குழல், கேஸ்-ஹார்டன் நிறம், செட் டிரிகர், பிஸ்டல் கிரிப், செக்கரிங் (குறுக்குக் கோடுகளாக வெட்டிய வேலைப்பாடு) போட்ட உயர்ரக வால்நட் கட்டை என்று "ஐந்து ஸ்பெஷல் ஆப்ஷன்" எண்ணிக் காட்டி, சாதாரண 1886-க்கு மூன்று மடங்கு விலை கேட்கிறார். தன் கையெழுத்துப் போட்ட சான்றிதழும், ஆலைப் பதிவேட்டைப் பார்த்து அருங்காட்சியகம் எழுதித் தரும் கடிதத்தின் நகலும் தருவாராம். நம்பி வாங்கலாமா?

பதில்: ஐந்தில் இரண்டை முதலிலேயே கழித்துவிடுங்கள். 1886 ரைஃபிளுக்கு எட்டுப்பட்டைக் குழல் அபூர்வமே அல்ல. வட்டக் குழல் வேண்டாம் என்றவர்கள் வழக்கமாகக் கேட்டு வாங்கியதுதான். கேஸ்-ஹார்டன் நிறமும், அதாவது இரும்பின் மேற்பரப்பைக் கடினமாக்கும்போது படியும் நீலமும் பழுப்புமான நிறமும், அப்படித்தான். 1901 வாக்கில் ப்ளூ பூச்சுக்கு மாறும்வரை 1886-இன் ரிசீவர் (இயங்கும் உறுப்புகளை அடக்கிய நடு இரும்புக் கூடு) கேஸ்-ஹார்டனாகவே ஆலையைவிட்டு வெளியே வந்தது. நிறம் நன்றாக எஞ்சியிருந்தால் அந்த நிலைமைக்கு விலை உண்டு, ஆப்ஷன் என்று விலை கிடையாது. மாடல் 1892, 1894-இல் கேஸ்-ஹார்டன் தனியாகக் கேட்டுப் பெற்ற ஒன்று. அந்த மாடல்களின் கணக்கை இதன்மேல் ஏற்றி விற்பது இந்த வியாபாரத்தில் வாடிக்கை.

மிச்சம் மூன்று: செட் டிரிகர், பிஸ்டல் கிரிப், உயர்ரகக் கட்டை. மூன்று மடங்கு விலை நிற்பதும் விழுவதும் இவற்றில்தான். இந்த மூன்றும் துப்பாக்கியின் ஒரே உறுப்பில் வந்து சேர்கின்றன. அதுதான் கீழ் டாங், அதாவது ரிசீவரிலிருந்து பின்னோக்கி நீண்டு கட்டையின் அடிப்பக்கத்தில் பதிந்திருக்கும் இரும்புத் துண்டு. 1886-இல் அது ரிசீவரோடு ஒரே துண்டாகச் செய்ததல்ல, தனியாகக் கழற்றக்கூடியது. சீரியல் எண் பொறித்திருப்பதும் அதில்தான். இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டால் ஏமாற்று வேலையில் பாதி உங்களிடம் பலிக்காது.

பிஸ்டல் கிரிப், அதாவது கைத்துப்பாக்கியின் பிடிபோல வளைந்த பிடி, வேண்டுமானால் கீழ் டாங் வளைந்திருக்க வேண்டும், லீவரும் (தோட்டா ஏற்றக் கீழே இறக்கி மூடும் கைப்பிடி) அதற்கேற்ப வளைந்திருக்க வேண்டும். நேர்ப்பிடி ரைஃபிளில் இரண்டும் நேராக இருக்கும். பின்னாளில் பிஸ்டல் கிரிப்பாக மாற்றுகிறவனுக்கு இரண்டே வழி: இருக்கும் டாங்கைச் சூடாக்கி வளைக்க வேண்டும், அல்லது வேறொரு வளைந்த டாங்கை வாங்கிப் பொருத்தி எண்ணைப் பொறிக்க வேண்டும். முதல் வழியில் வளைவு தொடங்கும் இடத்தில் இரும்பு லேசாக அலையடித்திருக்கும், அரம் போட்ட கோடு தெரியும். இரண்டாவது வழியில் எண்கள் காட்டிக்கொடுக்கும். ஒரு பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் பிடிக்க ஒரு டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். எண்களின் உயரமும் இடைவெளியும் ஒன்றுபோல இருக்கின்றனவா, எண்களைச் சுற்றி இரும்பு பள்ளமாகத் தேய்க்கப்பட்டிருக்கிறதா, பக்கத்துத் திருகுத் துளைகளின் விளிம்பு கிண்ணம்போலச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே எல்லாம் தேய்ந்து கிடக்க எண்கள் மட்டும் கூர்மையாக நின்றால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

செட் டிரிகர் என்றால் டிரிகரை முன்னுக்குத் தள்ளினால் ‘டிக்’ என்று பூட்டிக்கொண்டு, பிறகு லேசாகத் தொட்டாலே விடுபடும். அதன் உறுப்புகளும் கீழ் டாங்கில்தான் உட்காருகின்றன. ஆகவே மேலே சொன்ன சந்தேகம் இதற்கும் பொருந்தும்.

கட்டைக்கு வருவோம். மேல் டாங்கின் திருகைக் கழற்றி, கட்டையை நேராகப் பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும். திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் முனையைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டு ஸ்க்ரூடிரைவரை நுழைத்தால் பிளவு சிதைந்து நீங்களே மதிப்பைக் குறைத்துவிடுவீர்கள். உயர்ரகக் கட்டை போட்ட ரைஃபிள்களில் வின்செஸ்டர் ஒரு அசெம்ப்ளி எண்ணை மூன்று இடங்களில் அடித்தது: கட்டைக்குள் மறையும் டாங்கின் பகுதியில், மேல் டாங் பதியும் மரப்பள்ளத்தில், பட்பிளேட்டின் (கட்டையின் பின்முனையை மூடும் தகடு) உட்புறத்தில். மூன்றும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இது சீரியல் எண் அல்ல, அதைவிடச் சின்ன எண்; குழப்பிக்கொள்ள வேண்டாம். டாங்கில் எண் இருந்து மரத்தில் இல்லையென்றால், மரம் வேறெங்கிருந்தோ வந்தது.

கட்டையைத் திரும்பப் பொருத்தியதும் மரமும் இரும்பும் சேரும் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். ஆலையில் மரம் இரும்பைவிட மயிரிழை உயர்ந்தே நிற்கும். மரம் தாழ்ந்திருந்தால் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் செக்கரிங் கூர்மையாக இருந்தால், தேய்த்த பிறகு வெட்டிய செக்கரிங் அது.

நிறத்தையும் உடம்பு முழுக்க ஒப்பிட வேண்டும். கையில் தூக்கிப் பிடிக்கும் ரிசீவரின் அடிப்பகுதியும், தரையில் ஊன்றும் பட்பிளேட்டும்தான் முதலில் வெளுக்கும். ரிசீவர் நீலமும் பழுப்புமாகப் பளபளக்க, லீவரும் பட்பிளேட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தால் ரிசீவருக்கு மட்டும் புதுநிறம் ஏற்றியிருக்கிறார்கள். தீச்சுடர் காட்டி ஏற்றிய நிறம் வரிவரியாக, ஒரே சீராகத் தெரியும். பழையது திட்டுத்திட்டாக மேகம்போல இருக்கும்.

இனி கடிதம். வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகரில், பஃபலோ பில் சென்டர் ஆஃப் த வெஸ்ட் வளாகத்தில் இருக்கும் கோடி ஃபயர்ஆர்ம்ஸ் மியூசியத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் உள்ளன. 1886-க்கு, நடுவில் ஓர் இடைவெளி தவிர, 156599 வரை விவரம் கிடைக்கும். உங்கள் எண் அதற்குள் வருகிறது. குழலின் வகை, டிரிகர், பிடி, கட்டை, கிடங்குக்கு வந்த நாள், அனுப்பிய நாள் எல்லாம் அதில் இருக்கும். பதிவேட்டில் ‘சாதா டிரிகர்’ என்று இருந்து கையில் செட் டிரிகர் இருந்தால் அதற்குமேல் விவாதமே இல்லை.

ஆனால் கடிதம் ஓர் எண்ணைப் பற்றிப் பேசுகிறது, உங்கள் கையில் இருக்கும் இரும்பைப் பற்றி அல்ல. நல்ல ஆப்ஷன்கள் உள்ள எண்ணுக்குக் கடிதத்தை முதலில் வாங்கிக்கொண்டு, அதைப் பார்த்துத் துப்பாக்கியை அமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எண் கழற்றக்கூடிய டாங்கில் இருக்கும்போது அது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள். அதனால் நகல் வேண்டாம், உங்கள் பெயரில் புதுக் கடிதம் கேளுங்கள். வியாபாரியின் சொந்தச் சான்றிதழுக்கு அவர் செலவழித்த மையின் மதிப்புதான். ஏல அட்டவணைகளில் வரும் ‘அசலாகத் தோன்றுகிறது’ என்ற சொற்றொடரும் அதே ரகம். அவ்வளவு கமிஷன் வாங்குகிறவர்களால் ஒரு திருகைக் கழற்றிப் பார்த்து எழுத முடியாதா? பிறகு தோன்றியது தவறு என்றால் நஷ்டம் உங்களுக்கு மட்டும். 1898 வரை செய்தவை கூட்டாட்சிச் சட்டப்படி ஆன்டிக் என்பதால் கைமாறும்போது படிவமும் கிடையாது. யார் கையில் எப்போது என்ன மாறியது என்று பின்னால் தேடவும் வழியில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் இதை வைத்துத்தான் எல்லாவற்றையும் நியாயப்படுத்துவார்கள். பதிவேட்டில் சில எண்களுக்கு எதிரே ‘ஆர் அண்ட் ஆர்’ என்று குறிப்பு இருக்கும். பழுதுக்காக ஆலைக்கு வந்து திரும்பிப் போனது என்று பொருள். என்ன செய்தார்கள் என்று பெரும்பாலும் எழுதவில்லை. புதுக் குழலோ புதுக் கட்டையோ உண்மையிலேயே வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலையில் போட்டிருக்கலாம். அது ஆலை வேலைதான், ஆனால் முதலில் வெளியே போனபோது இருந்த வடிவம் அல்ல. விலையும் ஒன்றாக இருக்கக் கூடாது. இங்கே குழல் உதவும். நீள்வட்டத்துக்குள் ‘டபிள்யூ’, ‘பி’ எழுத்துகள் கொண்ட சோதனை முத்திரையை வின்செஸ்டர் 1905-இல்தான் தொடங்கியது. 1891 ரைஃபிளில் அது இருக்கவே கூடாது. குழலிலும் ரிசீவரிலும் இருந்தால் 1905-க்குப் பிறகு ஆலைக்குப் போயிருக்கிறது. நீள்வட்டத்துக்குள் ‘பி’ மட்டும் குழலில் இருந்தால் அது தனியாகத் தபாலில் விற்ற குழல். யாரோ வெளியே மாட்டியது. கடிதத்தில் ‘ஆர் அண்ட் ஆர்’ குறிப்பே இல்லாமல், "ஆலைக்குத் திரும்பிப் போயிருக்கும், அங்கே மாற்றியிருப்பார்கள்" என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள்.

குழலின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, லீவரை மூடி, முன்வாய் வழியாக ஒரு மரக்குச்சியை முட்டும்வரை விட்டு அளந்தால் 26 அங்குலம் வர வேண்டும். குறைந்தால் கடிதத்தில் அந்த நீளம் எழுதியிருக்க வேண்டும்.

வியாபாரியிடம் இரண்டு நிபந்தனை வையுங்கள். உங்கள் கண்முன் கட்டையைக் கழற்ற வேண்டும். பில்லில் சீரியல் எண்ணோடு ‘செட் டிரிகர், பிஸ்டல் கிரிப், உயர்ரகக் கட்டை மூன்றும் ஆலை அசல், புதுக் கடிதம் ஒத்துவராவிட்டால் முழுப் பணமும் திரும்ப’ என்று எழுத வேண்டும். மறுத்தால், அதே நிலைமையில் உள்ள சாதாரண 1886-க்கு என்ன விலையோ அதில் மாற்றியமைத்ததற்கான தள்ளுபடியைக் கழித்துச் சொல்லுங்கள். அதற்கும் இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள். 1886 மாடலில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள்.