கணவருக்கு அல்சைமர்: பவர் பத்திரம் கைகொடுக்குமா?

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். அல்சைமர் (மறதி நோய்) ஆரம்ப நிலை என்கிறார்கள். பென்ஷன் அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் வருகிறது. கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கியில் திருப்பிவிட்டார்கள். 25 ஆயிரம் கொடுத்தால், அவருக்காக இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம் பதிந்து தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். செய்யலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: வேண்டாம் அம்மா. பவர் கொடுத்தவர் சுயபுத்தி இழந்தால் அந்தப் பவரும் முடிந்துபோகும். 1872 ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பதிவு செய்திருந்தாலும் இதே கதிதான். உங்களுக்குத் தேவைப்படும் நாளில் அது வெறும் தாள். புரோக்கர் இதைச் சொல்லமாட்டார். 'நம்பிக்கையான ஆள்' பெயரில் பவர் போடலாம் என்று அடுத்து ஆரம்பிப்பார். மூலப் பத்திரத்தையோ வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்தையோ அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். வீடே கைமாறிவிடும்.

உயில் மட்டும் வேறு. தெளிவாக இருக்கும் நேரத்தில், புரிந்து எழுதிய உயில் பிறகு நினைவு போனாலும் செல்லும். அன்றே மருத்துவரிடம் 'சுயநினைவோடு இருக்கிறார்' என்று தேதியிட்ட சான்று வாங்குங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலால் பலன் பெறுபவர் சாட்சியாக நிற்கக் கூடாது. முடிந்தால் அந்த மருத்துவரே ஒரு சாட்சியாக இருக்கட்டும். நாளை பிள்ளைகளுக்குள் வழக்கு வந்தால் முதல் கேள்வியே 'அன்று அவருக்குப் புத்தி தெளிவா?' என்பதுதான்.

பென்ஷனுக்கு இந்த வாரமே இருவரும் வங்கிக்குப் போங்கள். பலருக்குக் காலையில் தெளிவு அதிகம், மாலையில் குழப்பம் கூடும். அதனால் காலையே நல்லது. பென்ஷன் புத்தகம், இருவரின் ஆதார், பான், புகைப்படத்தோடு 'எய்தர் ஆர் சர்வைவர்', அதாவது இருவரில் யாரும் பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றக் கேளுங்கள். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்று போட்டுவிட்டால் அவர் இருக்கும்வரை நீங்கள் பணம் எடுக்க முடியாது. சம்மதமா என்று அதிகாரி கேட்டால் அவரே பதில் சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொண்டு பேசினால் வேலை அங்கேயே நின்றுவிடும். வைப்புத்தொகை ரசீதுகளைத் தனியாக மாற்ற வேண்டும். நாமினியாக இருக்கிறேனே என்று இருந்துவிடாதீர்கள். அது அவர் காலத்துக்குப் பிறகுதான் பயன்படும்.

கை நடுங்கிக் கையெழுத்து மாறுகிறது என்றால் இரு சாட்சிகள் முன் பெருவிரல் ரேகை வைக்கலாம், ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். புத்தி தெளிவில்லை என்றால் இந்த வழி இல்லை.

அந்தக் கட்டம் வந்துவிட்டால் உயர் நீதிமன்றம்தான். 1987 மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றமே சொத்துக்குக் காப்பாளரை நியமிக்க முடிந்தது. 2017 சட்டத்தில் அந்த வழியையே தூக்கிவிட்டார்கள். அதில் நோயாளிக்குத் துணையாக நியமிக்கப்படும் 'நியமனப் பிரதிநிதி' சிகிச்சைக்கு மட்டும்தான், சொத்துக்கு அல்ல. கட்டிய கணவரின் பணத்தைக் கையாள மனைவி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட வேண்டும் என்றால் இது என்ன சட்டமோ! கோமாவில் இருந்தவரின் மனைவியைக் காப்பாளராக 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்திருக்கிறது, ஆகவே வழி இல்லாமல் இல்லை. அரசு மருத்துவமனைச் சான்று, சொத்துப் பட்டியல், பிள்ளைகளின் சம்மதப் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும்.