படுக்கையறைத் தொட்டிக்குச் சத்தமில்லாத ஸ்கிம்மர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: படுக்கையறையில் 90 லிட்டர் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பின்பக்கம் மூன்று அறைகள் உள்ள ரகம். இரண்டு க்ளவுன் மீன், ஒரு கோபி, கொஞ்சம் மென்பவளம். தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர், ஏர் பம்பில் ஓடும் சின்னது ஒன்று, இருக்கிறது. இரவில் அதன் சத்தத்தில் குழந்தை எழுந்துவிடுகிறது. அணைத்துவிட்டுப் படுத்தால் காலையில் தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி படலம். சத்தம் இல்லாமல், நாலு வருடமாவது உழைக்கிற மாதிரி ஒன்று வாங்க வேண்டும். கடைக்காரர் 400 லிட்டருக்கானதை எடுங்கள், பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்கிறார். என்ன செய்யலாம்? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 400 லிட்டருக்கானது வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிறிய தொட்டி வைத்திருப்பவர்கள் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பருப்பு கொதிக்கும்போது மேலே நுரை கட்டுகிறது, கரண்டியால் எடுத்துப் போடுகிறோம் இல்லையா? தண்ணீரில் கரைந்த புரதம் காற்றுக்குமிழியின் மேல் ஒட்டிக்கொள்வதால் வருகிற நுரை அது. ஸ்கிம்மர் செய்வதும் இதே வேலைதான். மீன் கழிவு, மிஞ்சிய தீனி, பவளம் விடும் கோழை எல்லாவற்றிலும் ஒரு முனை தண்ணீரை விரும்பி, மறுமுனை வெறுக்கும் மூலக்கூறுகள் உண்டு. அவை குமிழியைப் பார்த்ததும் அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். லட்சக்கணக்கான பொடிக்குமிழிகளை உருளைக்குள் விட்டால், அவை அழுக்கைச் சுமந்துகொண்டு மேலேறி, கழுத்தில் நுரையாக இறுகி, கோப்பையில் வழியும். அழுக்கு அழுகி அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாக மாறும் முன்பே வெளியே போய்விடுகிறது. உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவது குறைவு. அதனால்தான் இது கடல் தொட்டிக்கு வேலை செய்கிறது, நன்னீர்த் தொட்டிக்கு அநேகமாகச் செய்வதில்லை.

இப்போது அளவுக்கு வருவோம். கழுத்தில் நுரை நிலையாக நிற்க, தண்ணீரில் போதுமான அழுக்கு இருக்க வேண்டும். பெரிய ஸ்கிம்மரின் கழுத்து அகலம். உங்கள் மூன்று சின்ன மீன்கள் விடும் கழிவு அந்த அகலத்தை நிரப்பாது. நுரை பாதி வரை ஏறும், உடைந்து இறங்கும், மறுபடி ஏறும். கோப்பை பல நாள் காலியாகக் கிடக்கும், ஒருநாள் உறைந்த தீனி கொஞ்சம் அதிகமாகப் போட்டதும் தாறுமாறாகப் பொங்கும். பெரிய பம்ப் என்றால் சத்தமும் கூடுதல். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு தாராளமாகப் போட்டது என்பது உண்மைதான். அதற்காக நாலு மடங்கு தாண்ட வேண்டாம். 100 முதல் 150 லிட்டர் வரை என்று எழுதியிருப்பது உங்களுக்குப் போதும். மீன் கூடுதலாகச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் 200, 250 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

(40 லிட்டருக்கும் குறைவான தொட்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு: உங்களுக்கு ஸ்கிம்மரே தேவையில்லை. வாரம் 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் மாற்றினால் அதே வேலை நடந்துவிடும்.)

சத்தம். உங்கள் இப்போதைய ஸ்கிம்மரில் சத்தம் போடுவது ஸ்கிம்மர் இல்லை, ஏர் பம்ப். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வைக் காந்தம் வினாடிக்கு 50 முறை இழுத்து அடிக்கிறது. அந்த 'ர்ர்ர்' அங்கிருந்து வருகிறது. ஸ்கிம்மருக்குள் காற்றைக் குமிழியாக்கும் மரக்கட்டை ஏர்ஸ்டோன் சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். அடைத்த கட்டை வழியே காற்றைத் தள்ள பம்ப் திணறும்போது சத்தம் இன்னும் கூடும். புதிது வாங்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்: ஏர்ஸ்டோனை மாற்றுங்கள், ஏர் பம்பை மரத்தட்டில் வைக்காமல் ஒரு கயிற்றில் தொங்கவிடுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே தொங்கட்டும், கரண்ட் போனால் குழாய் வழியாகத் தண்ணீர் பம்புக்குள் இறங்காது. பாதிச் சத்தம் குறைந்துவிடும். குழந்தை தூங்கும் அறைக்கு அந்தப் பாதி போதாது என்றால் வாங்கிவிடலாம்.

நான் யாருக்குச் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன்: ஸ்கிம்மர் வாங்கும்போது நீங்கள் வாங்குவது பம்பை. உருளை எல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய வீடு. இப்போது வருகிற நல்ல ஸ்கிம்மர்களில் இம்பெல்லருக்கு (பம்புக்குள் சுற்றும் சக்கரம்) இறக்கைக்குப் பதிலாகச் சீப்புப் பல் மாதிரி ஊசிகள் இருக்கும். பம்ப் தண்ணீரோடு காற்றையும் உறிஞ்ச, இந்த ஊசிகள் காற்றை நறுக்கி மாவு மாதிரி ஆக்கிவிடும். கடையில் பம்பைத் திறந்து அந்த இம்பெல்லரை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் ஓடும் தண்டு பீங்கானாக இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் ரப்பர் அல்லது மெத்தென்ற புஷ் இருக்க வேண்டும். இம்பெல்லரைத் தண்டில் கோத்துக் கையில் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் 'டக் டக்' என்று ஆடினால் அதே ஆட்டம்தான் நள்ளிரவில் உங்கள் தலைமாட்டில் கேட்கும். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் ஏ.சி. பம்புகளில் இம்பெல்லர் எந்தப் பக்கமும் சுற்றத் தொடங்கக்கூடியது. அதை ஒரே பக்கம் திருப்ப உள்ளே சின்னப் பிளாஸ்டிக் பல் வைத்திருப்பார்கள். அது தேய்ந்தால் கரண்ட் வந்ததும் கடகடவென்று அடித்துவிட்டுத்தான் சரியாகும். ஆகவே இம்பெல்லரும் தண்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், நாலு வருடம் ஓடப்போவதில்லை.

ஏ.சி. பம்பில் காந்தத்தின் முனகல் ஒன்று எப்போதும் உண்டு. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸில், தாழ்ந்த குரலில் கேட்கும். பம்ப் கண்ணாடியைத் தொட்டால் கண்ணாடி அதை வாங்கிப் பெரிதாக்கும். அடாப்டரில் ஓடும் டி.சி. பம்பில் இந்த முனகல் குறைவு, வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். படுக்கையறைக்கு என்றால் டி.சி.தான் என் தேர்வு. ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: கரண்ட் போய் வந்தால், நீங்கள் வைத்த வேகத்திலேயே மறுபடி ஓட வேண்டும். முழு வேகத்துக்குத் தாவும் கன்ட்ரோலர் என்றால் கோப்பை வழியும்.

இன்வெர்ட்டரில் ஓட்டுவீர்கள் என்றால் அது சைன் வேவா (வீட்டு மின்சாரம் மாதிரியே சீராகத் தரும் ரகமா) என்று பாருங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்ப் சூடாகி, வழக்கத்தைவிட உரக்க உறுமும். பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

மிச்சம் இருப்பது காற்று உறிஞ்சும் 'உஸ்' சத்தம். நல்ல கம்பெனிகள் காற்றுக்குழாய் முனையில் சின்ன சைலன்சர் டப்பா தருவார்கள். அதில் சொட்டுத் தண்ணீர் நின்றாலும் களக் களக் என்று கேட்கும், உதறிவிட்டு மாட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரை அந்தக் குழாயில் உறிஞ்சவிட்டால் உள்ளே கட்டும் உப்பு கரையும். உப்பு கட்டினால் காற்று குறையும், நுரை குறையும், சத்தம் மட்டும் கூடும்.

கட்டுமானத்தை விரலாலேயே சோதிக்கலாம். அக்ரிலிக் ஒட்டிய இடத்தில் விரலை ஓட்டுங்கள். ஒட்டு ஒரே சீராக, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளையாகப் பூத்திருந்தால், உள்ளே குமிழி தெரிந்தால் அது பின்னாளில் விரிசல் விடும் இடம். கோப்பையைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். இதை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஈரக்கையால் செய்யப்போகிறீர்கள். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் மெதுவாக வழுக்கி உட்கார வேண்டும், இழுத்துப் பிடுங்கும்படி இருந்தால் ஒருநாள் முழுக் கோப்பையும் கையோடு கவிழும். நீர்மட்டம் சரிசெய்யும் திருகு, வால்வோ சாய்வாக வெட்டிய குழாயோ எதுவானாலும், நகத்தளவு திருப்பினால் நகத்தளவே நகர வேண்டும்.

உங்கள் தொட்டிக்கு வருகிறேன். பின் அறையில் உட்காரும் உள் ஸ்கிம்மர்தான் உங்களுக்குச் சரி. பக்கவாட்டில் தொங்கவிடும் ரகம் படுக்கையறையில் வேண்டாம், அது வழிந்தால் நேராகத் தரைக்கு வரும். முதலில் அறையின் நீள அகலத்தை உள்ளே அளந்துகொள்ளுங்கள். கோப்பையை மேலே தூக்கியெடுக்க மூடிக்கும் சுவருக்கும் இடையே கை போகுமா என்றும் பாருங்கள். பலர் மறப்பது இதை.

ஜெர்மனியின் டுன்ஸே நிறுவனத்தின் காம்லைன் 9001 இந்த அளவுக்கென்றே செய்தது, 140 லிட்டர் வரை என்று அவர்களே சொல்கிறார்கள். அடுத்தது 9004, அது 250 லிட்டர் வரை. இரண்டும் நீர்ப்பரப்பிலிருந்தே தண்ணீரை உறிஞ்சுவதால் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து போகும். உதிரி பாகங்கள் தனியாக விற்கிறார்கள். என் முதல் சிபாரிசு 9001. பின்னாளில் தொட்டிக்குக் கீழே சம்ப் (வடிகட்டும் சாதனங்களுக்கான தனித் தொட்டி) வைக்கப் போகிறீர்கள் என்றால் ரீஃப் ஆக்டோபஸ், பபிள் மேகஸ் ஆகிய இரண்டு கம்பெனிகளின் சிறிய சம்ப் மாடல்களையும் பாருங்கள். ஆனால் அவை பின் அறைக்குள் நுழையாது.

அந்தப் படலத்துக்கு ஸ்கிம்மர் மட்டும் காரணமில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. பின் அறைக்குத் தண்ணீர் போகும் சீப்பு இடுக்குகள் மேல்தண்ணீரைத்தான் இழுக்க வேண்டும். அவற்றில் பாசியோ நத்தையோ அடைத்திருந்தால் மேல்தண்ணீர் நகராது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், ஒரே நாளில் வித்தியாசம் தெரியும்.

எந்த அறையில் வைப்பது என்பதுதான் நுரை நிலையாக நிற்பதைத் தீர்மானிக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது மட்டம் இறங்குவது கடைசி அறையில், தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் மெயின் பம்ப் இருக்கும் அறையில். ஸ்கிம்மரை அங்கே வைத்தால் காலையில் ஒரு மட்டம், மாலையில் ஒரு மட்டம், நுரையும் அதோடு ஏறி இறங்கும், குறைந்த தண்ணீரில் பம்ப் காற்றை விழுங்கி உறுமும். தடுப்புச் சுவர் மட்டத்தைப் பிடித்துவைக்கும் முதல் அறையிலோ நடு அறையிலோ வையுங்கள். சத்தம் என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்திருக்கிறது.

புதிதாக மாட்டியதும் ஏமாற்றம் வரும், தயாராக இருங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் உருளையின் உள்பக்கம் மெல்லிய படிவு கட்டும்வரை நுரை ஒழுங்காக நிற்காது. தினமும் திருகைத் திருப்பாதீர்கள். ஒரு நாள் கொஞ்சம் மாற்றினால் அடுத்த நாள் வரை விடுங்கள். முதல் வாரம் கோப்பையைக் கொஞ்சம் உயர்த்தியே, மட்டத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். வெளிர் தேநீர் நிறத்தில் வந்தால் ஈரமாக எடுக்கிறது, டிகாக்ஷன் மாதிரிக் கெட்டியாக வந்தால் உலர்வாக எடுக்கிறது. உங்கள் தொட்டிக்கு நடுவில் நின்றால் போதும். கழுத்தின் உள்பக்கத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துணியால் துடையுங்கள். அங்கே வழவழப்பு படிந்தால் நுரை வழுக்கி இறங்கிவிடும். ஆனால் சோப்பு கூடாது, ஒரு துளி கூட. எண்ணெய்க் கையைத் தொட்டிக்குள் விட்டாலும் நுரை சில மணிநேரம் அமுங்கும், திரும்ப வரும். புழுவுக்கு மருந்து போடும் நாட்களில் பொங்கித் தள்ளும், அப்போது கோப்பையை எடுத்துவிட்டு வெறுமனே காற்றுக்காக ஓடவிடுங்கள்.

என் வீட்டில் ஒருமுறை இரவு கரண்ட் போய் விடியற்காலை வந்தது. சம்பில் மட்டம் ஏறியிருந்ததால் ஸ்கிம்மர் கோப்பை நிறைய எடுத்து, மூடி வழியாக வழிந்து, அலமாரிப் பலகை முழுக்க நாறும் கறுப்புத் தண்ணீர். அன்றிலிருந்து மூடியில் வடிகுழாய் உள்ள கோப்பையாகப் பார்த்து வாங்குகிறேன், குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டுவைக்கிறேன். பிளக் பாயின்டுக்குப் போகும் ஒயரை முதலில் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், வழியும் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு பிளக்குக்குள் போகாது. அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். குழந்தை நடமாடும் அறை, இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

படுக்கையறை என்பதால் இன்னொன்று. கதவைச் சாத்தி ஏ.சி. போட்டு மூன்று பேர் தூங்கினால் அறையில் கார்பன் டை ஆக்ஸைடு கூடும். ஸ்கிம்மர் அந்தக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீரில் கலக்கும், விடியற்காலையில் பி.எச். இறங்கும். காலை, மாலை இரண்டு வேளையும் ஒரு வாரம் அளந்து பாருங்கள். காலையில் 7.8க்குக் கீழே போனால், காற்றுக்குழாயோடு நீளமான சிலிக்கான் குழாயை இணைத்து ஜன்னல் ஓரமாக வெளியே விட்டுவிடுங்கள். உஸ் சத்தமும் அதோடு ஜன்னலுக்கு வெளியே போய்விடும். வெளியே விட்ட முனையில் எறும்பு புகாமல் ஒரு துண்டுப் பஞ்சு வையுங்கள், கொசுமருந்து அடிக்கும் வண்டி வரும் நேரத்தில் குழாயை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஏர் பம்பைக் கழித்துவிடாதீர்கள். நாலைந்து மணிநேரம் கரண்ட் இல்லாத நாளில் இன்வெர்ட்டரில் அதை மட்டும் ஒரு சாதாரண ஏர்ஸ்டோனோடு ஓட்டினாலே மீன்கள் மூச்சுக்குத் தவிக்காது. அன்று ஒரு இரவு சத்தம் இருந்தால் பரவாயில்லை.