மீன் பெட்டியிலிருந்து குதிக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். பிளையோமெட்ரிக் பயிற்சி செய்தால் வால்ட்டில் (ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாண்டுவது) உயரம் வரும் என்று ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, அவள் அப்பா தினமும் சாயங்காலம் கடற்கரையில் மீன் பெட்டிகளை அடுக்கி, மேலிருந்து 100 தடவை குதிக்க வைக்கிறார். பத்து நாளாகக் குதிகால் வலிக்கிறது என்கிறாள். தொடரலாமா?
- வாசகி, மண்டபம்

பதில்: முதலில் அந்தப் பெட்டிகளை மீன் அள்ளவே அனுப்பிவிடுங்கள். அப்பாவின் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் 100 என்பதும் தப்பு, தினமும் என்பதும் தப்பு.

பிளையோமெட்ரிக் என்றால் வெறும் குதி இல்லை. கால் தரையில் பட்டதும் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் சட்டென்று இழுபடும், இழுபட்ட வேகத்திலேயே சுருங்கி ஆளை மேலே தள்ளும்; இடையில் தாமதித்தால் அந்த விசை வீணாகிவிடும். கால் நொடிக்குள் தரையை விட்டுக் கிளம்பினால்தான் பலன். உயரத்திலிருந்து குதித்த கையோடு எழும்பும் முறையை 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி வகுத்தார், அதுவும் வளர்ந்து நன்றாகத் தேறிய தடகள வீரர்களுக்கு. மணலிலோ கால் புதைந்துவிடுகிறது, தள்ள வேண்டிய விசையை மணலே குடித்துவிடுகிறது. அப்படியானால் மணல் வேண்டாமா என்றால், வேண்டும். மூட்டில் அடி குறைவாக விழுவதால் இறங்கப் பழக அது நல்ல இடம்.

வலிக்கு வருவோம். குதிகாலை இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள். கத்தினாள் என்றால், எலும்பின் வளரும் பகுதியை நாண் இழுத்து இழுத்துப் புண்ணாக்கியிருக்க வாய்ப்பு அதிகம், இந்த வயதில் அது சகஜம். எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். வலி போகும்வரை குதியே கூடாது.

அப்புறம் இறங்குவதிலிருந்து தொடங்கட்டும். அரை அடி உயரம் போதும், சத்தம் கேட்காமல் இறங்கி, முழங்கால் உள்பக்கம் ஒடியாமல் அப்படியே நிற்கணும். அப்பாவை முன்னால் நின்று செல்போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு வேலை ஆச்சு! அது சரியாக வந்தபிறகு மண் தரையிலோ மெத்தை விரிப்பிலோ (சிமென்ட் தரை வேண்டவே வேண்டாம்) முழங்காலை அதிகம் மடக்காமல் கணுக்காலால் மட்டும் சின்னச் சின்னத் துள்ளல், பத்துப் பத்தாக நான்கு தடவை. ஸ்கிப்பிங் கயிறும் நல்லது. வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் ஓய்வு. பள்ளியில் அடிக்கும் பல்டியும் இந்தக் கணக்கில்தான் வரும், பலரும் அதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். வால்ட் மேசையைக் கை தள்ளுவதும் இதே வேலைதான் என்பதால், சுவரில் உள்ளங்கையை ஊன்றித் தட்டித் தள்ளுவதையும் சேர்க்கலாம்.

கடற்கரையில் அலை ஓரம் சரிவாக இருக்கும், ஒரு கால் எப்போதும் மேடேறி நிற்கும், அங்கே வேண்டாம். மேலே காய்ந்த மணலில் ஒரு பாய் அகலத்துக்கு முதலில் கையால் அலசிப் பாருங்கள். கருவேல முள் நம் ஊரில் எங்கே இல்லை?

கேள்வி: நம் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் அவ்வளவு கஷ்டமான வால்ட் செய்தும் ஏன் ஒலிம்பிக் பதக்கம் இல்லை?
- வாசகர், கீழக்கரை

பதில்: 2016 ரியோ ஒலிம்பிக்கில் 4ஆம் இடம், வெண்கலத்துக்கு 0.15 புள்ளிதான் குறைவு. அவர் செய்த ப்ரோடுனோவா என்ற வால்ட்டில் கையூன்றித் தாண்டியபின் காற்றில் முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம். இறங்கும்போது கிட்டத்தட்ட உட்கார்ந்தேவிட்டார், அதற்கு மதிப்பெண் கழிப்பார்கள். மண்டபத்து அப்பாவும் இந்தப் பதிலைப் படிக்கலாம்.