டயபடீஸ் பிரேஸ்லெட்டை டியூட்டில கழட்டணுமா?

இங்கிலாந்து ஆஸ்பத்திரி வார்டுல வேலை பாக்குறப்போ, நோய் விவரம் எழுதின டேக் உள்ள பிரேஸ்லெட்டைக் கையில போடக் கூடாதுன்னு வார்டு மேனேஜர் சொன்னாங்கன்னு கேட்டிருக்கீங்க. கழட்டி லாக்கர்ல வைக்காதீங்க. கையிலதான் வேணாம்னு சொல்லியிருக்காங்க, அதே டேக்கை கழுத்துச் செயின்ல கோத்து டியூனிக்குக்கு (யூனிபார்ம் மேல்சட்டை) உள்ள போட்டுக்கோங்க. டைப் 1, இன்சுலின் வேற போடுறீங்க, 12 மணி நேர ஷிப்ட்ல சுகர் இறங்கி மயங்கி விழுந்தா ஓடி வர்றவங்களுக்கு அது தெரியணும்ல.

வார்டு மேனேஜர் உங்க மேல கோவத்துல சொல்லியிருக்க மாட்டாங்க. இங்கிலாந்து என்ஹெச்எஸ்ல (அரசு மருத்துவ சேவை) 2007லேர்ந்தே முழங்கைக்குக் கீழ வாட்ச், வளையல் எதுவும் கூடாது, கல்லு வைக்காத கல்யாண மோதிரம் மட்டும்தான் பொதுவா விடுவாங்க, ஏன்னா மணிக்கட்டு வரைக்கும் தேய்ச்சுக் கழுவணும். உங்களுது துணிப்பட்டைன்னு போட்டிருக்கீங்க, அது நனைஞ்சா சீக்கிரம் காயாது, அழுக்கும் ஏறும், அதான் கண்ல பட்டிருக்கும்.

இன்னிக்கே உங்க டிரஸ்ட்டோட (ஆஸ்பத்திரிய நடத்துற அமைப்பு) யூனிபார்ம் பாலிசிய இன்ட்ராநெட்ல திறந்து 'மெடிக்கல் அலர்ட்'னு தேடிப் பாருங்க. அதுல இல்லன்னா ஆக்குபேஷனல் ஹெல்த்துக்கு (ஊழியர்கள் உடல்நலத்தைப் பாக்குற பிரிவு) மெயில் போடுங்க, வாய்ப்பேச்சோட விட்டுடாதீங்க. 2010 ஈக்குவாலிட்டி ஆக்ட்படி (சமத்துவச் சட்டம்) உங்களுக்காக நியாயமான மாற்றம் செய்யச் சொல்லிக் கேக்கலாம், துடைக்கிற மாதிரி ஸ்டீல், சிலிகான் பட்டைக்கு அவங்களே ஓகே சொன்னாலும் சொல்லலாம்.

ஒண்ணு, இழுத்தா தானா கழண்டுக்கிற கொக்கி உள்ள செயினா வாங்குங்க. குழப்பத்துல இருந்த ஒரு தாத்தா என் செயினைப் பிடிச்சுத் தொங்கினாரு, கழுத்துல கோடு போக நாலு நாளாச்சு. எம்ஆர்ஐ ரூமுக்குள்ள போறதா இருந்தா மட்டும் எதுவா இருந்தாலும் கழட்டிடுங்க, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாயாலயே சொல்லி வச்சிடுங்க.