அப்பாவும் மலையும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா இறந்து வரும் மாசியோடு ஓராண்டு. நினைவு நாளில் பாரி மகளிரின் பாட்டை வீட்டாருக்குப் புரியும்படி இன்றைய தமிழில் வாசிக்க விரும்பினேன். 'அன்று அந்த நிலவில் அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இன்று இந்த நிலவில் அப்பா இல்லை, மலையும் போய்விட்டது' என்று எழுதிப் பார்த்தேன். மூலம் நெஞ்சை அடைக்கிறது. என் வரிகள் செய்தி போல இருக்கின்றன. எங்கே பிழை?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். முதலில் பாட்டு, புறநானூறு 112. மூவேந்தரிடம் தந்தை பாரியையும் பறம்பு மலையையும் இழந்த மகள்கள் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

நீங்கள் 'இருந்தார்' என்று எழுதிய இடத்தில் பாட்டு 'உடையேம்' என்கிறது. அது குறிப்பு வினைமுற்று, காலம் காட்டாது. 'கொளார்' எதிர்மறை, அதிலும் கால இடைநிலை இல்லை. 'இலம்' மறுபடியும் குறிப்பு. பாட்டில் இறந்தகாலம் காட்டும் வினைமுற்று ஒன்றே ஒன்றுதான்: 'கொண்டார்'. அது பகைவர் செய்த செயல். அந்தப் பெண்கள் தந்தையை எங்குமே இறந்தகாலத்தில் வைக்கவில்லை. உங்கள் வரியில் 'இருந்தார்' என்றதுமே அப்பா போய்விட்டார். பிறகு வரும் 'இல்லை'க்குச் செய்ய வேலை இல்லை.

அடுத்தது எழுவாய். 'அப்பா இல்லை' என்பதில் அப்பாதான் எழுவாய். 'யாம் எந்தையும் இலமே' என்பதில் யாம். தந்தை அற்றவர்களாக நாங்கள் நிற்கிறோம் என்பது பொருள். 'போய்விட்டது' என்றதும் மலை தானாகவே நகர்ந்துவிடுகிறது, எடுத்தவர் மறைந்துபோகிறார். பாட்டு அவரை முரசோடு நிறுத்துகிறது. அந்த முரசை இகழ்ச்சியாகக் கொள்ளும் வாசிப்பும் உண்டு, எனக்கு அதுவே சரியென்று படுகிறது.

வரிசையும் முக்கியம். முதலில் தந்தை, பிறகு குன்று. திரும்பும்போது குன்று, பிறகு தந்தை. பெரிய இழப்பு கடைசி வரை தள்ளிப்போகிறது. நீங்கள் இரண்டு முறையும் அப்பாவை முன்னால் வைத்ததால் மலை வெறும் பின்னொட்டாகிவிட்டது. மலை இங்கே சொத்துக் கணக்கு அல்ல. முற்றுகையிட்ட மூவேந்தரிடம் பாரியின் நண்பரான புலவர் கபிலர் சொல்வதை 110ஆம் பாட்டில் பாருங்கள்: பறம்பு நாட்டின் 300 ஊர்களையும் பரிசு வேண்டி வந்தவர்கள் பெற்றுவிட்டனர், யாமும் பாரியும் இருக்கிறோம், குன்றும் உண்டு. மிஞ்சியது அவ்வளவுதான். 112இல் குன்றும் பாரியும் போய் 'யாம்' மட்டும் நிற்கிறது.

நிலவைத் தொடாதீர்கள். முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் வேறுபாடு இரண்டு எழுத்து மட்டுமே, இரண்டிடத்திலும் அகரம் இகரமாகிறது. 'பொலிவிழந்த நிலவு' என்பது போல ஓர் அடைமொழி சேர்த்தாலே பாட்டு கெட்டுவிடும்.

உங்கள் வரிகளை இப்படி மாற்றிப் பாருங்கள்:

அந்த மாதத்து அந்த வெண்ணிலவில்
எங்களுக்கு அப்பாவும் உண்டு, எங்கள் மலையையும் பிறர் கொள்ளார்.
இந்த மாதத்து இந்த வெண்ணிலவில்
வென்று முரசறையும் வேந்தர்கள் எங்கள்
மலையையும் கொண்டார்கள், நாங்கள் அப்பாவும் இல்லாதவர்கள்.

'உண்டு' என்ற சொல்லுக்கும் காலம் இல்லை, அதனால் அது இங்கே பொருந்துகிறது. 'கொள்ளார்' கொஞ்சம் பழைய சொல்தான், வீட்டார் கேட்டால் விளங்கிக்கொள்வார்கள்.

வாசிக்கும்போது மூலத்தை முதலில் சொல்லுங்கள், பிறகு உங்கள் வரிகள். இந்தப் பாட்டின் யாப்பான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, மூன்று சீர்தான். மற்ற அடிகளில் நான்கு சீர் கேட்டுப் பழகிய காதுக்கு 'வேந்தர்எம்' என்ற இடத்தில் ஒரு சீர் குறையும். 'எம்' அங்கே தனியாகத் தொங்குகிறது, குன்று அடுத்த அடிக்குப் போய்விட்டது. இரண்டாம் அடியில் 'எம் குன்றும்' ஒன்றாகவே இருந்தன. பலர் பொருள் தொடர வேண்டுமென்று அங்கே நிறுத்தாமல் ஓடிவிடுகிறார்கள். ஒரு மூச்சு அங்கே நில்லுங்கள். 'இலமே'யில் குரலை உயர்த்த வேண்டாம், அந்த ஏகாரத்தைச் சற்று நீட்டினால் போதும்.

அன்புடன்