"சரிங்க அண்ணா" என்று அனுப்பிய ஒரு வரி

கேள்வி: திருப்பூரில் எங்கள் வீடு 24 வருடப் பழையது. சமையலறையையும் இரண்டு குளியலறைகளையும் புதுப்பித்து, மாடியில் ஓர் அறை எழுப்ப 2025 ஜூலையில் ஒரு காண்ட்ராக்டரிடம் பொருள், கூலி உட்பட 11.80 லட்சத்துக்கு எழுதிக்கொண்டோம். 8.50 லட்சம் கொடுத்துவிட்டோம். அதில் 3 லட்சம் ரொக்கம். செப்டம்பரில், விலை ஏறிவிட்டது என்று கூடுதலாக 2.60 லட்சம் கேட்டார். என் கணவர் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் 50 சதவீத வரி வந்ததிலிருந்து ஆர்டர் இல்லை, சம்பளம் பாதியாகிவிட்டது. எங்களால் முடியாது என்றதும் காண்ட்ராக்டர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மாமனார் முன்னாலேயே மரியாதையில்லாமல் பேசினார். கொழுந்தனாரின் கல்யாணத்துக்கு வந்த உறவினர்களை உடைந்த வீட்டில் உட்காரவைத்தோம். மோசடிப் புகார் கொடுத்து மொத்தப் பணத்தையும் திரும்ப வாங்க முடியுமா? திங்கட்கிழமை முதல் வேறு மேஸ்திரி வேலையைத் தொடங்குகிறார்.

பதில்: முதலில் அந்தத் திங்கட்கிழமையைத் தள்ளிப்போடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கல்யாண வீட்டில் நேர்ந்த சங்கடம், அவர் பேசிய பேச்சு இதெல்லாம் உங்களுக்குப் பெரிதுதான். நுகர்வோர் ஆணையம் மன உளைச்சலுக்கு ஒரு தொகை போடும். வழக்கையே அதன்மேல் கட்டுகிற அளவுக்கு இருக்காது. மோசடிப் புகாரையும் மறந்துவிடுங்கள். வாங்கிய பணத்துக்கு மூன்று மாதம் ஆள் வைத்து வேலை செய்த ஒருவர், தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு வந்தார் என்று நிரூபிக்க உங்களால் முடியாது. காவல் நிலையத்தில் "சிவில் விவகாரம்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன். மொத்தத் தொகை தெளிவாக இருக்கிறது. விலை ஏறினால் யார் சுமப்பது என்று ஒரு வரிகூட இல்லை. அப்படியிருந்தால் காண்ட்ராக்டர்தான் சுமக்க வேண்டும். விலையேற்றத்தால் ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது கடினமாகிவிட்டது என்பது மட்டுமே ஒருவரை விடுவிக்காது என்று அலோபி பர்ஷாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960லேயே சொல்லிவிட்டது. எம்சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணலின் விலையைக் காரணம் சொல்கிறார். அது கிரஷர் வேலைநிறுத்தம் நடந்த ஏப்ரலிலேயே ஊரறிந்த சங்கதி. ஜூலையில் விலை சொன்னவருக்குத் தெரியாதா? சிமென்டுக்கோ செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இத்துடன் முடிந்திருந்தால் உங்களுக்கு நல்ல வழக்கு.

ஆனால் நீங்கள் இணைத்திருக்கும் வாட்ஸ்அப் பக்கங்களில், 2.60 லட்சம் வேண்டும் என்ற அவருடைய செய்திக்குக் கீழே உங்கள் பதில் இருக்கிறது: "சரிங்க அண்ணா, தீபாவளிக்குள் முடித்துக் கொடுங்கள்." இந்த வழக்கின் உயிர்நாடி இந்த வரிதான். இரு தரப்பும் சம்மதித்தால் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆவது பிரிவு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே இதைத்தான் எடுத்து நீட்டுவார். 'சரி' என்றது கெடுவுக்கு உட்பட்டது, தீபாவளிக்குள் அவர் முடிக்கவில்லை, அதனால் கூடுதல் தொகைக்கு உரிமையில்லை என்று நாம் வாதிடலாம். வாதம் பழுதில்லை. ஆனால் 'வாதிடலாம்' என்றுதான் சொல்கிறேன். 'ஜெயிக்கலாம்' என்று சொல்லவில்லை.

இன்னொன்று, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: கடப்பா கல்லுக்குப் பதில் கிரானைட், சமையலறையில் கூடுதலாக ஒரு லாஃப்ட், குளியலறை டைல்ஸை ஏழடியிலிருந்து கூரை வரை ஏற்றியது. இவற்றுக்குத் தனி விலை பேசவில்லை என்பதால் இலவசம் ஆகிவிடாது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவிப்பவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்; அதே சட்டத்தின் 70ஆவது பிரிவு.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். இதே நிலையில் என்னிடம் வந்த ஒருவர், காண்ட்ராக்டர்மேல் இருந்த கோபத்தில் ஒரே வாரத்தில் புது ஆளை இறக்கினார். புது மேஸ்திரி குளியலறைத் தரையைக் கொத்தி எடுத்தார், சுவர்ப் பூச்சை உரித்தார், எல்லாவற்றையும் அழகாக முடித்துக் கொடுத்தார். நேரில் பார்த்து அறிக்கை தர நுகர்வோர் ஆணையம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் வீட்டுக்கு வந்தபோது பளபளவென்று டைல்ஸ். பழைய ஆள் எவ்வளவு செய்தார், எதைக் கெடுத்தார் என்று காட்ட ஒரு பிடி சிமென்ட்கூட மிச்சமில்லை. புது மேஸ்திரியின் பில்லை நீட்டினோம். "இதில் பழைய குறையைச் சரிசெய்தது எவ்வளவு, உங்கள் ஆசைக்குச் செய்தது எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியில் வழக்கு படுத்துவிட்டது. இதே பள்ளத்தில் விழுந்த மூன்று நான்கு பேரைப் பார்த்துவிட்டேன்.

ஆகவே, எதையும் தொடுமுன் பட்டயப் பொறியாளர் (சார்ட்டர்டு என்ஜினீயர்) ஒருவரை வைத்து அளவெடுங்கள். எந்த நாளில் அளவெடுக்கிறீர்கள் என்று காண்ட்ராக்டருக்கு ஸ்பீடு போஸ்டிலும் வாட்ஸ்அப்பிலும் முன்கூட்டியே தெரிவியுங்கள். வராவிட்டால் அது அவர் பாடு. டேப் சுவரில் இருக்கும்படி படம் எடுங்கள். ஓதம் தெரிகிற இடம், சாய்வில்லாத குளியலறைத் தரை, மூடாமல் விட்ட பைப் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் எடுங்கள். அந்தப் போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். செய்திகளைச் சாட்சியமாக்கும்போது அது தேவைப்படும்.

மாடியில் கிடக்கும் அவருடைய சென்ட்ரிங் ஷீட்டுகளைப் பூட்டிவைத்திருப்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். திறந்துவிடுங்கள். எண்ணி, பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் காவல் நிலையத்துக்கு முதலில் போவது அவராக இருக்கும்.

அந்த 3 லட்சம் ரொக்கத்துக்கு ரசீது இல்லை என்கிறீர்கள். வக்கீல் நோட்டீஸ் போனபிறகு அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பேச்சுவார்த்தை இருக்கும்போதே, "இதுவரை மொத்தம் 8.50 லட்சம் கொடுத்திருக்கிறோம், மீதிக் கணக்கை அனுப்புங்கள்" என்று அமைதியாக ஒரு செய்தி அனுப்பி, பதிலை வாங்கிவையுங்கள்.

20 ரூபாய் பத்திரத்தில் எழுதியதால் ஒப்பந்தமே செல்லாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். முத்திரைக் குறையை அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். விட்டுவிடுங்கள்.

இனி கணக்கு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மாடி அறைக்குக் கூரை போட்டாயிற்று, பூச்சு பாக்கி. ஒரு குளியலறை முடிந்துவிட்டது. சமையலறையில் அலமாரிக் கதவுகளும் பிளம்பிங்கும் பாக்கி. பொறியாளர் இதை 7.75 லட்சம் என்று மதிப்பிட்டு, கூடுதல் வேலைக்கு ஓர் 60 ஆயிரத்தைச் சேர்த்தால், நீங்கள் கொடுத்த பணத்துக்கு ஏறக்குறைய வேலை நடந்திருக்கிறது. மொத்தப் பணத்தையும் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டால், கையில் என்ன மிஞ்சும்? ஆணையத்தில் கட்டணம் சில நூறு ரூபாய்தான். மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அது வருடக் கணக்கில் இழுக்கும். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, அவசரமில்லை.

சமரசம் பேசுங்கள். சம்பளம் பாதியான வீட்டுக்கு இப்போது மாடி அறை தேவையில்லை. அதன் பூச்சையும் தரையையும் ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டு, அதற்கான தொகையைக் கழித்து, சமையலறையையும் இரண்டாவது குளியலறையையும் மட்டும் முடிக்கச் சொல்லுங்கள். கூடுதல் வேலைக்கும் விலையேற்றத்துக்கும் சேர்த்து ஒரு லட்சம் வரை இறங்கலாம். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வேலையும் முடிந்தபிறகே அதற்கான பணம், வங்கி வழியாக. இனி எந்தத் தரப்பும் எதுவும் கோராது என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இந்தப் பணத்துக்காக நகையை அடகு வைக்காதீர்கள். முடியாவிட்டால் குளியலறை நிற்கட்டும்.

உங்கள் நீண்ட கடிதத்தில், மாடி அறைக்கு மாநகராட்சியிடம் அனுமதி வாங்கியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாங்கியிருந்தால் நகலோடு வாருங்கள். வாங்கவில்லை என்றால், அந்தக் கேள்வியை எதிர்த்தரப்பு ஆணையத்தில் எழுப்புவதற்கு முன் இந்த வாரமே காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.