படுக்கை விரிப்பும் போர்ச் சீருடையும்

கேள்வி: 1941 குளிர்காலத்தில் ரஷ்யாவில் ஜெர்மன் வீரர்கள் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு போரிட்டார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஜூன் 22-ல் தொடங்கிய படையெடுப்பு குளிருக்கு முன்பே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பனி விழுந்ததும் சாம்பல் பச்சைக் கம்பளி உடை வெள்ளைத் தரையில் தூரத்திலிருந்தே தெரிந்தது. வெள்ளை விரிப்பின் நடுவே தலை நுழையும் அளவுக்குக் கிழித்து மாட்டிக்கொண்டார்கள். இரும்புத் தொப்பிக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். ஆனால் விரிப்பு ஆளை மறைக்குமே தவிர, குளிரைத் தடுக்காது. நனைந்தால் உறைந்து விறைத்துவிடும், அழுக்கேறினால் மறைக்கவும் செய்யாது. இடுப்பு வாருக்கு மேலே தொங்கவிட்டால் தோட்டாப் பைக்குள் கை போகாது.

பெரிய துன்பம் காலில்தான். பூட்ஸின் அடியில் அடித்திருந்த இரும்பாணிகள் பாதத்தின் சூட்டை இழுத்துத் தரைக்குக் கொடுத்தன. அளவாகத் தைத்த பூட்ஸில் இரண்டாவது காலுறைக்கு இடமில்லை. செய்தித்தாளும் வைக்கோலும் திணித்தார்கள். கம்பளியை அழுத்திச் செய்த, ரஷ்யர்களின் 'வாலென்கி' பூட்ஸ் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். அதுவும் பனி உருகும் நாளில் தண்ணீரைக் குடித்துவிடும். டிசம்பர் 20-ல்தான் ஜெர்மன் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் வானொலியில் மக்களிடம் கம்பளியும் ரோம உடையும் கேட்டார். எவ்வளவு தாமதம் பாருங்கள்! ஒரு பக்கம் வெள்ளையாக, திருப்பிப் போடத்தக்க பஞ்சு வைத்த உடை அடுத்த குளிர்காலத்தில்தான் வந்தது.

கேள்வி: 1944-ல் பிரான்சின் நார்மண்டியில் நடந்த போரின் படங்களில் சில ஜெர்மன் வீரர்களின் உடைத் துணி இத்தாலியத் துணிபோல் இருக்கிறதே?

பதில்: இத்தாலியத் துணியேதான். 1943 செப்டம்பரில் இத்தாலி போர் நிறுத்தம் அறிவித்ததும், 1929 முதல் அந்நாட்டு ராணுவம் கூடாரத்துக்குப் பயன்படுத்திய உருமறைப்புத் துணி ஜெர்மானியர் கைக்கு வந்தது. அதை மேற்சட்டையாகவும் கால்சட்டையாகவும் தைத்துக்கொண்டார்கள். வெட்டு ஆளுக்கு ஆள் மாறுவதால், 'ஒரே மாதிரி இல்லையே, போலி' என்று சேகரிப்பாளர்கள் அவசரப்படக் கூடாது. ஜெர்மானியரின் சொந்த முக்கோணக் கூடாரத் துணியையும் சிலர் சட்டையாக்கினார்கள். அதை வெட்டிவிட்டால் மழைக்கு உறையும் போயிற்று, கூடாரத்தில் ஒரு பக்கமும் போயிற்று.

கேள்வி: எதிரியின் உடையை அணிவது குற்றமில்லையா?

பதில்: துணி குற்றமல்ல, ஏமாற்றுவதுதான் குற்றம். 1940-ல் பிரான்சில் சிக்கிய பிரிட்டிஷ் ராணுவ உடைகளை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் வேலைக்கு அணிந்தார்கள். போர் நடத்தும் முறை பற்றிய 1907 ஹேக் விதிகளின் 23-வது பிரிவு தடுப்பது எதிரியின் சீருடையை முறைகேடாகப் பயன்படுத்துவதை. 1944 டிசம்பரில் ஜெர்மன் சிறப்புப் படை அதிகாரி ஸ்கோர்செனியின் ஆட்கள் அமெரிக்க உடையில் ஊடுருவினார்கள். பிடிபட்டவர்களில் பலர் உளவாளிகளாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனால் ஸ்கோர்செனியை 1947-ல் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் விடுவித்தது: அந்த உடையில் சண்டையிட்டதாக நிரூபணமாகவில்லை.